முன்னே போன கால்

தன் காலைத் தானே மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டுவதைச் சொல்லவில்லை. கால் தனி, அவர் தனி.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலைக்குப் போகிற வழியில் அவருடைய தள்ளுவண்டி நிற்கும். வெள்ளரிக்காய், கொய்யா, எலுமிச்சை ஜூஸ், வெயில் தொப்பி. வண்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அவர். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால், அதற்கும் ஒரு செருப்பு. மடியில் மஞ்சள் துணிப்பை. பைக்குள் அவருடைய சொந்தக் காலின் எலும்பு.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை ஜெராக்ஸு என்பார், திருவண்ணாமலை ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால். என் நைனா ஜாதகமெல்லாம் பார்த்து எனக்கு வைத்த பெயர் ஆதார் அட்டையில் மட்டும் இருக்கிறது. என் போட்டோவைப் போலவே அதுவும் அங்கே கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.

கால் போனது சுகரில். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி பாதத்தில் ஏறியிருக்கிறது. மனிதர் அதோடு மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குப் போய், நாள் முழுக்க நின்று வெள்ளரிக்காய் விற்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"மரத்துப்போச்சு ஜெராக்ஸு. பஸ்ல பக்கத்துல உக்காந்தவன், பெரியவரே கால்ல ரத்தம் வருதுன்னான். யார் கால்லன்னு கேட்டேன்."

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்ததை என்ன செய்வார்கள் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. நகம், முடி மாதிரி எங்கேயோ போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வீட்டுக்காரர்கள் கேட்டால் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம்முடையதை நாமே கொண்டுபோய்ப் புதைத்துக்கொள்ள வேண்டியதுதான். அண்ணியின் தம்பி அதைத் துணியில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து, விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தான். கண்டக்டர் கேட்டாராம்:

"பையில இன்னாப்பா?"

"காலு."

"ஆட்டுக்காலா?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்க" என்றிருக்கிறான். லக்கேஜ் போடவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன்தான் முதலில் சிரிப்பார். "பாரு, உசுரா இருந்தப்ப டிக்கெட் எடுத்த காலு, செத்தப்புறம் ஓசியில வந்துது."

அவருடைய நிலத்து வரப்பில், புங்க மரத்தடியில் புதைத்தார்கள். அடையாளத்துக்கு அண்ணி ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசினார். என்றைக்காவது ஒருநாள் இவரும் போவார். அன்று அதைத் தோண்டி எடுத்து இவரோடு ஒரே குழியில் வைக்க வேண்டும். அண்ணிக்கு வாழ்க்கையில் பிடிவாதம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

"முழுசாப் போவணும் தம்பி. அங்க போயி ஒத்தக் கால்ல நின்னா எவன் உள்ள விடுவான்? இங்கயே கோயில் வரிசைல இவரைத் தள்ளிட்டுப் போறானுங்க."

பிறகு அந்த நிலம் மனைப்பிரிவாகிப் போனது. ஜேசிபி வருவதற்கு முன்னால் அண்ணி மண்வெட்டியோடு போய்ச் செங்கல்லைப் பெயர்த்தார். கால்விரல்களெல்லாம் மண்ணோடு மண்ணாகியிருந்தன. உருப்படியாகக் கிடைத்தது கணைக்கால் எலும்பு ஒன்றுதான். அதன் மேல்முனையில், ஆஸ்பத்திரியில் ரம்பம் வைத்து அறுத்த தட்டையான வெட்டு. கழுவிக் காயவைத்து, மஞ்சள் பையில் போட்டு, பரண்மேல் தன் கல்யாணத்து அண்டாவுக்குள் வைத்தார். தொலைக்கக் கூடாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"சரி" என்றார் அண்ணன். அவர் யாருக்குத்தான் சரி சொல்லாமல் இருந்தார்?

அந்த மனிதருடைய குணம் முழுக்க அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். யாரையும் வாடிய முகத்தோடு அனுப்பத் தெரியாது. மலையேற முடியாமல் பாதியில் இறங்கி வருகிறவர்களிடம், "மேல ஒண்ணும் இல்லம்மா, காத்துதான். அதே காத்துதான் இங்கயும் அடிக்குது" என்பார். உச்சிவரை போய் நாக்குத் தள்ள இறங்கி வருகிறவர்களிடம், "மேல போயிட்டு வந்த மூஞ்சிக்கே ஒரு களை வந்துடுது பாத்தியா" என்பார். தளவானூர் குகைக் கோயிலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று காரை நிறுத்திக் கேட்டால், தெரியாவிட்டாலும் சொல்வார். கேட்டவர்கள் அனந்தபுரம் மார்க்கெட்டில் போய் நிற்பார்கள்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு என்னண்ணே?"

"மூஞ்சி வாடிடும்டா. அனந்தபுரம் வரைக்குமாவது சந்தோசமாப் போயிருப்பாங்கல்ல?"

ஒருமுறை என்னுடைய கதை ஒன்று ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை அந்த இதழோடு நின்றுபோனது. அதற்கும் என் கதைக்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் நான் கேட்காமலேயே சொன்னார். ஒரு காப்பி எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். மறுநாள், "படிச்சேன் ஜெராக்ஸு. அழுதுட்டேன்" என்றார். அது நகைச்சுவைக் கதை. அவர் கண்ணாடி உடைந்து ரொம்ப நாளாகிறது என்று அண்ணி பிற்பாடு சொன்னார். ஆனாலும் அந்த ஒருநாள் நான் எழுத்தாளனாகத்தான் நடந்து திரிந்தேன். டீக்கடையில் இரண்டு பேரிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை.

எலும்பு தள்ளுவண்டிக்கு வந்தது அரிப்பால். இல்லாத பாதம் அவருக்கு அரிக்கும். அப்படி இருக்கத்தான் செய்யும் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். செயற்கைக் காலைச் சொறிந்து பார்த்தார், பிரயோஜனமில்லை. ஒருநாள் பரணிலிருந்து எலும்பை இறக்கிச் சொறிந்தார். அடங்கிவிட்டது. அதிலிருந்து காலையில் அண்ணியிடம் பையை வாங்கிக்கொண்டு வருவார், சாயந்திரம் திருப்பிக் கொடுப்பார். லைப்ரரியில் புத்தகம் எடுக்கிற மாதிரி.

அப்படி ஒரு மத்தியானம் சொறிந்துகொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி ஜூஸைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: "அய்யா, அது யாரோடது?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் சுகரையும் ஆணியையும் விழுப்புரம் பஸ்ஸையும் கேட்கவில்லை.

"ராஜா படைல இருந்த ஒரு வீரனோடதும்மா. இதோ பாரு, கத்தி வெட்டு."

அவ்வளவுதான். அதன்பிறகு அந்த எலும்பு எத்தனையோ பேருடையதாக இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்தால் அது பிரெஞ்சுக்காரத் தளபதி. அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வது நான். கல்லூரிக் கூட்டம் வந்தால் இளவரசியின் மெய்க்காப்பாளன், அதிலும் காதல் தோல்வி. மராட்டியப் பக்கத்திலிருந்து இப்போது காவிக்கொடி கட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், அவர்களுடைய ராஜா ஒருவர் இந்தக் கோட்டையில் இருந்து ஆண்டிருக்கிறார் என்பதால். அவர்களுக்கு அது மராட்டியக் குதிரைவீரன். அதற்கும் மொழிபெயர்ப்பு நான்தான். புனேயில் ஒரு இட்லிக் கடையில் இரண்டு வருடம் மாவாட்டியவன் என்பது என் தகுதி. எனக்குத் தெரிந்த மராத்தி முழுக்க சட்னி, சாம்பார், சில்லறை சம்பந்தப்பட்டது. வீரன் ஒருவன் சுத்திச் சுத்திச் சண்டை போட்டு வெட்டுப்பட்டு விழுந்ததை நான் சொன்னபோது, அவன் ஹாஃப் பிளேட்டாகப் பரிமாறப்பட்டான் என்கிற மாதிரிதான் அவர்களுக்குக் கேட்டிருக்கும். இருந்தும் கும்பிட்டார்கள்.

நான் அங்கே நின்று பார்த்ததில் ஒன்று கவனித்தேன். எலும்பை வெளியே எடுத்ததும் எல்லோரும் ஓரடி பின்னால் போவார்கள். பிறகு இரண்டடி முன்னால் வருவார்கள். பிறகு, யாராக இருந்தாலும் சரி, குனிந்து தன் கணைக்காலை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே அதே சாமான் இருக்கிறதா என்று. நானும் தடவிப் பார்த்தேன். இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மெலிசாக இருந்தது.

"இது பொய்யில்லையாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எலும்பு நெசம்தானே? வெட்டு நெசம்தானே? ஆளும் இந்த ஊரு ஆளுதான். வருசம்தான் கொஞ்சம் முன்ன பின்ன."

"இருந்தாலும் மனுச எலும்பை வேடிக்கைப் பொருளா வைக்கறது..."

"செத்தவன் எலும்பை அவனைக் கேக்காம வச்சிக் காட்டினா தப்பு. நான் உசுரோட இருக்கேன்ல? என்னைக் கேட்டுகினுதான் நான் காட்றேன்."

இதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரே ஒருவரிடம் அந்தக் கதை செல்லவில்லை. குடும்பத்தோடு வந்திருந்த ஒரு டாக்டரம்மா. வீரன் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, எலும்பை வாங்கி வெட்டுமுனையைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொரு தரம் தடவினார். பிறகு அண்ணனின் வேட்டிக்குக் கீழே தெரிந்த செயற்கைக் காலைப் பார்த்தார்.

"பல்லு வச்ச கத்தி போலருக்கு" என்றார்.

அண்ணன் வேட்டியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்த இன்னொரு வீரனைப் பத்திரமாப் பாத்துக்கங்க. தினமும் பாதத்துக்கு அடியில கண்ணாடி வச்சிப் பாருங்க. புண்ணு வந்தா உங்களுக்குத் தெரியாது."

பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அண்ணன் யாருக்கும் எலும்பை எடுத்துக் காட்டவில்லை. "எல்லார் மூஞ்சியையும் நான்தான் பாப்பேன். இன்னிக்கு ஒருத்தி என் மூஞ்சியப் பாத்துட்டா" என்றார்.

மாசி மாதம் மேல்மலையனூரில் மயானக் கொள்ளை நடக்கும். அன்று சுடுகாட்டில் எலும்பை வாயில் கவ்விக்கொண்டு அருள் வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் எலும்பு எங்களுக்குப் புதுசில்லை. ஆனால் அது அம்மனுக்கு, அது அன்றைக்கு. வீட்டுக்கு எடுத்துப்போய் லைட் போட்டு வைக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அது தோன்றிய ஒருவன் அந்தத் திருவிழாவைப் போட்டோ எடுக்க பெங்களூரிலிருந்து வந்திருந்தான். தங்கமான பையன். கறுப்பு டீ-ஷர்ட், மெதுவான பேச்சு, எல்லோரையும் அய்யா போட்டுத்தான் பேசினான். அண்ணனிடம் ஓர் எலும்பு இருப்பதாக யாரோ சொல்ல, தேடிக்கொண்டு வந்துவிட்டான். போனில் தன் அறையைக் காட்டினான். கண்ணாடி அலமாரி, வரிசையாக மண்டையோடுகள், ஒன்றில் மணி பிளான்ட்.

"எங்க கெடைக்குது இதெல்லாம்?" என்றார் அண்ணன்.

"ஆன்லைன்லதான் அய்யா. அந்தக் காலத்துல நம்ம நாட்டுல இருந்து வெளிநாட்டு மெடிக்கல் காலேஜுக்கெல்லாம் அனுப்பியிருக்காங்க. அதுல சிலதைத் திரும்ப வாங்கறேன்."

"அப்ப இவரு நம்ம பக்கத்து ஆளாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம் அய்யா."

"பாஸ்போர்ட் இல்லாம போயிட்டு வந்துட்டாரு" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

"வீட்டுல தேட மாட்டாங்களா?" என்றார் அண்ணன்.

"யாருன்னே தெரியாதே அய்யா. மண்ணுல கெடந்தா யார் பாக்கப் போறா? நான் தினம் துடைக்கறேன், பேசறேன். இது மரியாதைதான். எனக்கு ஆபீஸ்ல ரொம்ப டென்ஷன். ராத்திரி வந்து இவங்க முன்னாடி உக்காந்தா, எல்லாம் இவ்வளவுதான்னு ஒரு அமைதி வரும்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்கே கொஞ்சம் வேண்டும் போல இருந்தது.

"பேசறேன்றியே, பேரு தெரியாம எப்படிக் கூப்புடுவ?"

"இவருக்கு நான் ராக்கின்னு பேர் வச்சிருக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் தெரு நாயின் பெயரும் ராக்கிதான்.

பையன் கேட்ட விலை தருவதாகச் சொன்னான். அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அண்ணனுக்கு முகம் வாடினால் ஆகாது என்று எனக்குத்தானே தெரியும்? அவர் பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

"விக்கறதில்ல நைனா. இது எங்க வீட்டம்மாவுக்குச் சொல்லி வச்சது."

"அவங்களும் கலெக்ட் பண்றாங்களா?"

"ஆமா. இது ஒண்ணு மட்டும்."

வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று, உருண்டையான ஒரு கல்லைப் பீரங்கிக் குண்டு என்று சொல்லி இனாமாகக் கொடுத்தனுப்பினார். அந்தக் கல் என் கடை வாசலில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நான் வைத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு மராட்டியப் பெரியவர் வந்தார். கூட வந்தவர்கள் கொடியோடு மலையேறிவிட்டார்கள். அவருக்கு முட்டிவலி, வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் குல்லாய், வெள்ளைச் சட்டை. அண்ணன் ஜூஸ் கொடுத்து, மலையில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். பெரியவர் முகம் தெளியவில்லை. அப்புறம்தான் அண்ணன் பையை அவிழ்த்தார்.

நான் என் இட்லிக்கடை மராத்தியில் குதிரைவீரனைக் கொன்று முடித்தேன். பெரியவர் குல்லாயைக் கழற்றினார். எலும்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா கேக்கறாரு?" என்றார் அண்ணன்.

"இவனுக்கு யாராவது எள்ளும் தண்ணியும் விட்டாங்களான்னு கேக்கறாருண்ணே."

"இல்லன்னு சொல்லு."

சொன்னேன். பெரியவர் வெகுநேரம் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. அவருடைய மகன் ராணுவத்தில் இருந்தவன். பனிமலையில் சரிவு வந்து போய்விட்டான். உடம்பு கிடைக்கவில்லை. பெட்டி வரவில்லை, சட்டைதான் வந்தது. ஆற்றில் விட அவரிடம் ஒன்றும் இல்லை. இந்த வீரனைத் தன்னிடம் கொடுத்தால், தன் ஊர் ஆற்றுக்குக் கொண்டுபோய் ஒரு மகனுக்குச் செய்வதை எல்லாம் செய்வேன் என்றார்.

நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் செயற்கைக் காலைச் சொறிந்தார். அது உதவாது என்று அவருக்கே தெரியும்.

"அண்ணே, உண்மையைச் சொல்லிடலாமா?"

"இன்னான்னு சொல்லுவ? ஆணி குத்திச் சுகர்ல எடுத்ததுன்னா? அந்த ஆளு அவன் புள்ளை வரைக்கும் ஏறிப் போயிட்டான். பாதி வழியில எறங்கி வாடான்னு நீ சொல்றியா?"

"அண்ணிக்கு இன்னா சொல்லுவ?"

அவர் எலும்பை மஞ்சள் பையில் வைத்தார். பிறகு பை அண்ணியுடையது என்று நினைவு வந்து, வெளியே எடுத்து, தோளில் கிடந்த துண்டை உதறி அதில் சுற்றினார். "சுத்தமாச் செய்யச் சொல்லு" என்றார். பெரியவர் அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவர் தொட்டது செயற்கைக் காலை. தொட்டதே அண்ணனுக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தான் குனிந்து பார்த்தார்.

பஸ் போனபிறகு என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, "பாய் கறிக்கடையில நிறுத்து" என்றார்.

அடுத்து நாங்கள் செய்த வேலையைப் பெருமையாகச் சொல்ல முடியாது, ஆனால் அக்கறையாகச் செய்தோம். ஆட்டின் பின்னங்கால் எலும்பு ஒன்று. கறியைச் சுரண்டி, ஹாக்ஸா பிளேடால் மேல்முனையை நான் தட்டையாக அறுத்தேன். சுண்ணாம்பு போட்டு வேகவைத்தோம். பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் ஊறவைத்தோம். என் கடை மொட்டைமாடியில் காயவைத்தபோது காக்கை ஒன்று தூக்கிக்கொண்டு போக, அது பக்கத்து மாடியில் போடும்வரை நான் கைதட்டிக்கொண்டே ஓடினேன். அதுவரை பையை என் கடையில் மறந்து வைத்துவிட்டதாக அண்ணன் வீட்டில் சொல்லிவைத்திருந்தார். பிறகு பரணில் ஏற்றிவிட்டார். "அப்படியே இருக்குதுல்ல?" என்று என்னைக் கேட்டார். "அப்படியேண்ணே" என்றேன். அவரோடு பழகிப் பழகி எனக்கும் அந்த வியாதி வந்திருந்தது.

அந்தக் கொடிக் கூட்டத்தில் வந்திருந்த பெரியவரின் பேரன் என் நம்பரை வாங்கிப்போயிருந்தான். கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. தள்ளுவண்டியில் ஜூஸ் டம்ளர்மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அகலமான ஆறு, கல்படி, ஐயர், எள்ளு, பிண்டம். துண்டு பிரித்து எலும்பு வெளியே வந்தது.

"என் துண்டுடா" என்றார் அண்ணன்.

ஐயர் ஏதோ ஓதினார். "பேரு கேக்கறாரா?" என்றார் அண்ணன். ஆமாம், பெயர் கேட்கும் இடம்தான் அது. பெரியவர் ஒரு பெயர் சொன்னார். அவருடைய மகன் பெயராகத்தான் இருக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை விரித்தார். எலும்பு போனது. பெரியவர் கரையேறி உட்கார்ந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீடியோ அதோடு முடிந்தது.

தன் கருமாதியில் ஒரு பாகத்தைத் தானே உட்கார்ந்து பார்த்த மனிதர் எப்படி இருப்பார் என்று கேட்டால், சாதாரணமாகத்தான் இருந்தார். ஓர் அம்மாளுக்கு உப்புக் காரம் தூவி வெள்ளரிக்காய் கொடுத்தார். அப்புறம், "மூஞ்சி தெளிஞ்சிருக்குதுல்ல அந்த ஆளுக்கு?" என்றார்.

"ஆமாண்ணே."

"அன்னிலேருந்து அரிப்பு இல்ல ஜெராக்ஸு. ஒண்ணுமே இல்ல. சுத்தமா மரத்துப்போச்சு."

பொங்கல் கழிந்து அவர் போனார். டாக்டரம்மா சொன்ன அந்த இன்னொரு வீரனை அவர் பார்த்துக்கொண்டார்தான், கிட்னியை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. பாடை கிளம்பும்போது அண்ணி தெருமுனைவரை வந்தார். பெண்கள் அதற்குமேல் வருவதில்லை. மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார்.

"நீயே வச்சிடு தம்பி. இடது பக்கம். மாத்தி வச்சிடாத."

எலும்பை மட்டும் எடுத்து, மாற்றாமல் வைத்தேன். செயற்கைக் காலையும் சேர்த்தே வைத்துவிடலாம் என்று யாரோ சொல்ல, அதுவும் உள்ளே போனது. கால் விஷயத்தில் அவருக்கு மிச்சம்தான். மண் தள்ளினோம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைக்கு வந்து சட்டர் தூக்கி, நிறுத்திவைத்த இடத்திலிருந்து யாருடைய பட்டாவையோ காப்பி எடுத்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அண்ணி கடைக்கு வந்தார். இறப்புச் சான்றிதழைக் காப்பி எடுக்க வேண்டும். மெஷினில் வைத்து மூடினேன். பின்னால் இருந்து கேட்டார்:

"அந்த ஆட்டுக்காலை அறுத்தது யாரு? நீயா, அவரா?"

மெஷின் காப்பி தள்ளியது. தேவைக்குமேல் தள்ளியது.

"அண்ணி..."

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எலும்புக் கொழம்பு வைக்கறேன். எது ஆடு, எது எங்க வீட்டுக்காரர்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா குழியில வைக்கச் சொன்னீங்க?"

"அதைக் கொண்டாந்து அண்டாவுல வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துகினு நின்னாரு. பத்திரமா இருக்குதான்னு கேட்டாரு. இருக்குதுன்னேன். வேற இன்னா சொல்றது? மூஞ்சி வாடிடும்."

கரண்ட் போனது, வந்தது.

"சரி, நெசக் காலு எங்க?"

போனை எடுத்தேன். பெரியவரின் பேரன் தினமும் அனுப்பும் குட்மார்னிங் பூக்களையெல்லாம் தள்ளித் தள்ளி மேலே போய் அந்த வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். யார் அவர், எதற்கு, எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துண்டைப் பார்த்ததும் விரல் கொஞ்சம் நகர்ந்தது. பெரியவர் தண்ணீரில் இறங்கினார். கையை விரித்தார்.

"இந்த இடத்துல ஆழமா?"

"பெரிய ஆறு அண்ணி. ஆழமாத்தான் இருக்கும்."

அவர் இன்னொரு தரம் முதலிலிருந்து பார்த்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். காப்பிகளை மடித்து அந்த மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்றார்.

"அவருக்கு நீச்சல் தெரியாது" என்றார்.